பாண்டிச்சேரி மாதிரியும் கல்முனைக் கரையும்

1988 ஆம் ஆண்டின் முற்பகுதியில் செய்தி சேகரிப்பதற்காகக் கல்முனைக்குச் சென்றிருந்தேன். இலங்கை – இந்திய உடன்படிக்கை கைச்சாத்தாகி ஓராண்டு கூட நிறைவடையாத காலம் அது. வடக்கும் கிழக்கும் இணைக்கப்படுமா, இணைக்கப்பட்டால் கிழக்கின் முஸ்லிம்களுடைய நிலை யாது என்பதே எங்கும் பேச்சாக இருந்தது. அந்தப் பேச்சின் நடுவே அடிக்கடி ஒரு சொற்றொடர் காதில் விழுந்தது: "பாண்டிச்சேரி மாதிரி". ஒன்றோடொன்று நிலத்தொடர்பு இல்லாத ஊர்களையும் ஒரே ஆட்சி அலகாக்கலாம் என்பதற்கு அது உதாரணமாகக் காட்டப்பட்டது.

கல்முனைக்குடியில், நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றும் கடற்கரைப் பள்ளிவாசலுக்கு அண்மையில், ஒரு தேநீர்க் கடையில் எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். நான் பத்திரிகைக்காரன் என்று அறிந்ததும் அருகே அழைத்து உட்காரச் சொன்னார்.

"தம்பி, பாண்டிச்சேரி, பாண்டிச்சேரி எண்டு பேசுறாங்களே, அதுல நாகூருக்குப் பக்கத்தில கிடக்கிற காரைக்காலும் சேர்த்திதானே?"

"ஓம் காக்கா, அதுவும் சேர்த்திதான்" என்றேன்.

"நான் வாப்பாவோட நாகூருக்குப் போன நேரம் அதைக் கண்டிருக்கன். நாகூர்ல ஒரு பொலிஸ். கொஞ்சம் அங்கால போனா வேற பொலிஸ், வேற தொப்பி, வேற கொடி. இந்தக் கோட்டக் கீறினது ஆரு எண்டு கேட்டன். பிரெஞ்சுக்காரன் எண்டாங்க. இப்ப நமக்கு ஆரு தம்பி கீறப் போறாங்க?"

அன்று அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அதன் பின்னர் பல ஆண்டுகள் அரசியல் செய்திகளை எழுதியும் திருத்தியும் கழித்த எனக்கு, அந்தப் பெரியவர் கேட்டதே விடயத்தின் மையம் என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கிற்று.

கோரிக்கை என்னவென்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 1981 இல் காத்தான்குடியில் தோற்றம் பெற்று 1986 இல் அரசியற் கட்சியாக மாறிய ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ், அதன் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் வழிகாட்டலில் இதனை முன்வைத்தது. அம்பாறை மாவட்டத்தின் கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் ஆகிய மூன்று தேர்தல் தொகுதிகளைத் தளமாகக் கொண்டு, மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார் மாவட்டங்களில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பிரதேசங்களையும் சேர்த்து, நிலத்தொடர்பற்ற ஒரு முஸ்லிம் பெரும்பான்மை மாகாண சபை அமைய வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கு வழிகாட்டியாகவே புதுச்சேரி காட்டப்பட்டது.

புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமையின் கவர்ச்சி புரியும். புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவில் காரைக்கால் இருக்கிறது. மாஹே அரபிக் கடலோரத்தில் கேரளத்தால் சூழப்பட்டது; அதன் பரப்பு 9 சதுர கிலோமீற்றர் மட்டுமே. ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் கிடக்கிறது. முதலிரண்டு இடங்களிலும் தமிழ், மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு பேசப்படுகிறது. ஆயினும் ஒரே சட்டமன்றம். அதன் தெரிவு செய்யப்படும் 30 ஆசனங்களில் 23 புதுச்சேரிக்கும் 5 காரைக்காலுக்கும் மாஹேக்கும் ஏனாமுக்கும் ஒவ்வொன்றும் உரியவை. மேன்முறையீடு என்றால் மாஹேயில் இருப்பவரும் ஏனாமில் இருப்பவரும் சென்னையிலுள்ள நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும்.

கல்முனைக் கரையும் ஏறக்குறைய அவ்வாறுதான் காட்சி தருகிறது. மட்டக்களப்பிலிருந்து தெற்கே பேருந்தில் வருபவர் பெரியநீலாவணையில் தமிழ்க் கிராமத்தையும், மருதமுனையில் முஸ்லிம் ஊரையும், பாண்டிருப்பில் மீண்டும் தமிழ் ஊரையும் காண்பார். கல்முனை நகரைக் கடந்தால் கல்முனைக்குடி, சாய்ந்தமருது என முஸ்லிம் ஊர்கள். அப்பால் காரைதீவில் தமிழர். அதற்கும் அப்பால் நிந்தவூரில் முஸ்லிம்கள். எல்லோரும் பேசுவது ஒரே தமிழ். பள்ளிவாசலின் மினாராவும் கோயிற் கோபுரமும் மாறி மாறித் தோன்றுவதைக் கொண்டே ஊர் மாறிற்று என்று அறிய வேண்டியிருக்கிறது.

ஆனால் புதுச்சேரியின் துண்டுகள் எவ்வாறு உண்டாயின? பிரெஞ்சுக்காரர் 1674 இல் புதுச்சேரியில் காலூன்றினர். 1739 இல் தஞ்சை மன்னரிடமிருந்து காரைக்காலைப் பெற்றனர். வணிகத்துக்கு வாய்ப்பான இடங்களில் கிடைத்ததை வைத்துக்கொண்டனர்; ஆங்கிலேயரிடம் போரில் இழந்தவை போக எஞ்சியவையே இந்தத் துண்டுகள். அவற்றை ஒன்றாக்கியது மக்களின் ஒற்றுமையன்று, பிரான்ஸின் கொடி.

அந்தக் கொடியின் கீழ் வாழ்ந்த எல்லோருக்கும் ஒரே சட்ட நிலை இருக்கவுமில்லை. 1881 இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி தமது மரபுவழித் தனியாள் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு வகுப்பினர்; துறக்காதவர்கள் வேறொரு வகுப்பினர். 1946 இல் பிரான்ஸ் தனது குடியேற்ற நாடுகளைப் புதிதாக வகைப்படுத்திற்று. ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப், கயானா ஆகிய நான்கும் தாய்நாட்டின் மாவட்டங்களுக்குச் சமமாக்கப்பட்டன. புதுச்சேரி உள்ளிட்ட பிரெஞ்சிந்தியா "கடல் கடந்த ஆட்புலம்" என்ற வேறு தரத்தைப் பெற்றது. பாரிஸ் பாராளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பும் உரிமை அதற்கு இருந்தது. அவ்வாறு பாரிஸ் சென்ற எதுவார் குபேர் பின்னர் இந்தியாவின் பக்கம் திரும்பி, 1963 இல் புதுச்சேரியின் முதலமைச்சரானது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

வெளியேறும் வேளையிலும் துண்டுகளின் கதி ஒன்றாக இருக்கவில்லை. 1946 ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியலமைப்பு, சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதமின்றி எந்த நிலப்பகுதியையும் பிற நாட்டுக்குக் கையளிக்க முடியாது என்று விதித்திருந்தது. அதற்கமைய வங்காளத்திலிருந்த சந்திரநாகூரில் 1949 ஜூனில் மக்கள் வாக்களித்தனர். இணைப்புக்கு ஆதரவாக 7,473 வாக்குகளும் எதிராக 114 வாக்குகளும் விழுந்தன. அவ்வூர் 1954 இல் மேற்கு வங்காளத்தோடு கரைந்து தனித்துவத்தை இழந்தது. மற்ற நான்கு இடங்களிலும் பொதுமக்களிடம் நேரடியாகக் கேட்கப்படவில்லை. 1954 அக்டோபர் 18 இல் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நவம்பர் 1 இல் நிர்வாகம் கைமாறிற்று. சட்டப்படியான கைமாற்றத்துக்கோ அல்ஜீரியப் போர் முடியும்வரை, 1962 ஆகஸ்ட் 16 வரை, காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் நடைமுறையில் இந்தியாவும் சட்டத்தில் பிரான்ஸுமாகப் புதுச்சேரி இருந்தது.

கல்முனையில் நாங்கள் பேச மறந்தது இதற்குப் பின்னுள்ள பகுதியைத்தான். 1956 மே 28 இல் புதுடில்லியில் கைச்சாத்தான கையளிப்பு உடன்படிக்கையில் மூன்று உறுதிகள் எழுதப்பட்டன. ஒன்று, அதுவரை இருந்த விசேட நிர்வாக நிலை தொடரும். பின்னர் அதில் அரசியலமைப்பு மாற்றம் செய்வதாயின் மக்களின் விருப்பத்தை அறிந்தே செய்ய வேண்டும். இரண்டு, மக்களின் பிரதிநிதிகள் வேறு விதமாக முடிவு செய்யும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி. மூன்று, அங்கு பிறந்து வாழ்வோர் இந்தியக் குடிமக்களாவர். எனினும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்தில் அறிவிக்கலாம்.

வாசகர்கள் அந்தத் திகதியைச் சற்றுக் கவனிக்க வேண்டும். புதுடில்லியில் இவ்வுடன்படிக்கை கைச்சாத்தாகி எட்டு நாட்களின் பின்னர், 1956 ஜூன் 5 இல், கொழும்பில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டமூலம் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்த வன்செயல்களில் தமிழர்கள் கொல்லப்பட்ட கல்லோயாக் குடியேற்றப் பகுதி, இன்றைய அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதியே. ஒரு நாடு தன்னோடு சேரும் சிறு துண்டுகளின் மொழியை மாற்றுவதற்கு அவர்களின் சம்மதம் வேண்டும் என்று எழுதிக்கொடுத்த அதே கோடையில், மற்றொரு நாடு தன் குடிமக்களுள் ஒரு பகுதியினரின் மொழியை அவர்களைக் கேளாமலே ஒதுக்கிற்று.

இந்தக் கரைக்கும் உடன்படிக்கைகள் புதியனவல்ல. இதுவும் ஒரு காலத்தில் பிற நாட்டாரின் கடல் கடந்த உடைமையாக இருந்தது. கண்டி மன்னரின் ஆதிபத்தியத்துக்குட்பட்டிருந்த இக்கரையை, 1765 இல் கண்டி நகர்வரை படை நடத்திய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, 1766 பெப்ரவரி 14 இன் உடன்படிக்கை மூலம் தன்வசமாக்கிற்று. அதுவரை தம்மிடம் இல்லாத கரையோரமெங்கும் ஒரு சிங்கள மைல் அகலமான பட்டை ஒல்லாந்தருக்கு. ஆறும் மலையும் குறுக்கிடுமிடத்து அகலம் கூடலாம், குறையலாம். அந்தக் கோட்டுக்குக் கிழக்கே உழுதவனும் மேற்கே உழுதவனும் ஒரே நாளில் வேறு வேறு ஆட்சிக்குரியவராயினர். 1796 இல் ஆங்கிலக் கம்பனியின் பிடிக்குள் வந்த கரையோரம் சென்னையிலிருந்து ஆளப்பட்டது. 1802 இல் அது பிரித்தானிய முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. கண்டி இராச்சியம் 1815 இல் தனியானதோர் ஒப்பந்தத்தின் கீழ் வந்தது. இரண்டும் ஒரே நிர்வாகமாகி ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது 1833 இல்தான்.

அக்காலத்தின் சுவடுகள் இன்றும் நீதிமன்றங்களில் உண்டு. கல்முனை முஸ்லிமின் திருமணமும் விவாகரத்தும் 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காதி நீதிமன்றத்துக்குரியவை. அவருடைய அயலவரான மட்டக்களப்புத் தமிழருக்கு, தேசவழமை யாழ்ப்பாணத்தவர்க்கே உரியதாகையால், உரோம – ஒல்லாந்தச் சட்டத்தின் வழிவந்த பொதுச் சட்டம். கண்டிப் பகுதியிலிருந்து கல்லோயாவுக்கு வந்து குடியேறியவர் கண்டியச் சட்டத்தைத் தம்முடன் கொண்டுவந்தார். ஒரு மாவட்டத்தில் மூன்று அயலவர், மூன்று சட்டங்கள்.

தரம் உயரும்போது எதையோ கொடுக்கவும் நேரிடும் என்பதற்கு இந்து சமுத்திரத்தின் மறுகரையிலுள்ள மயோத் தீவு ஓர் எடுத்துக்காட்டு. கொமொரோத் தீவுகளில் 1974 டிசம்பரில் நடைபெற்ற வாக்கெடுப்பில் மூன்று தீவுகள் விடுதலையைத் தெரிவு செய்தன. மயோத் மட்டும் பிரான்ஸோடிருக்க விரும்பிற்று. வாக்குகளை மொத்தமாக எண்ணுவதா, தீவு தீவாக எண்ணுவதா என்பதில் சர்ச்சை மூண்டது. தீவு தீவாக எண்ணிய பிரான்ஸ் மயோத்தை வைத்துக்கொண்டது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை அதனைக் கண்டித்தது. 2011 இல் மயோத் பிரான்ஸின் 101 ஆவது மாவட்டமாயிற்று. அங்கு வாழ்வோருள் மிகப் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். முழு உரிமை பெற்ற மாவட்டமாகும் வழியில், அங்கிருந்த காதிகள் தமது நீதி வழங்கும் அதிகாரத்தை 2010 இல் இழந்தனர். மொத்தமாக எண்ணுவதா, ஊர் ஊராக எண்ணுவதா என்பதும், சம உரிமைக்கும் தனியாள் சட்டத்துக்கும் இடையிலான இழுபறியும் கல்முனை வாசகருக்கு அந்நியமான விடயங்களல்ல.

நிலத்தொடர்பு அற்ற அலகில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குச் செல்லும் பாதை யாருடையது? போர்த்துக்கேயர் வசமிருந்த தாமனுக்கும் உள்நாட்டிலிருந்த தாத்ரா, நகர் ஹவேலிக்கும் இடையே இந்திய நிலம் கிடந்தது. 1954 இல் வழி அடைக்கப்பட்டபோது போர்த்துக்கல் சர்வதேச நீதிமன்றம் சென்றது. 1960 இல் கிடைத்த தீர்ப்பு நுட்பமானது: தனியாட்களும் சிவில் அதிகாரிகளும் பொருட்களும் கடந்து செல்லும் உரிமை போர்த்துக்கலுக்கு உண்டு, படையினருக்கும் பொலிஸாருக்கும் அவ்வுரிமை இல்லை, இந்தியா தனது கடப்பாட்டை மீறவுமில்லை.

எங்கள் கரையில் அந்தக் கேள்வியை எந்த நீதிமன்றமும் தீர்க்கவில்லை. 1990 ஜூலையில் ஹஜ் கடமையை முடித்துக் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோர் உள்ளிட்ட முஸ்லிம் பயணிகள், கல்முனை – மட்டக்களப்பு வீதியில் குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்டனர். அவர்கள் வீடு வந்து சேரவேயில்லை. ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 12 இல் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். வரைபடத்தில் இரண்டு துண்டுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம் தாளில் ஒரு விரற்கடை. அந்த ஆண்டில் அது உயிரைக் கேட்ட தூரம்.

இனி, அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். கோட்டைக் கீறுவது யார்? 1987 ஜூலை 29 உடன்படிக்கை அதற்கு ஒரு விடையை எழுதித்தான் வைத்திருந்தது. வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்படும். இணைப்பு நீடிக்க வேண்டுமா என்பதைக் கிழக்கு மாகாண மக்கள் 1988 டிசம்பர் 31 க்கு முன்னர் சர்வசன வாக்கெடுப்பில் தீர்மானிப்பர். சாதாரண பெரும்பான்மை போதும். வாக்கெடுப்பை ஒத்திவைக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு இருந்தது. 1988 செப்டம்பரில் இணைப்புப் பிரகடனம் வெளியாயிற்று. நவம்பரில் இணைந்த மாகாண சபைக்குத் தேர்தல் நடைபெற்றது. 71 ஆசனங்களுள் 17 ஐ முஸ்லிம் காங்கிரஸ் வென்றது. வாக்கெடுப்போ ஆண்டுக்கு ஆண்டு ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பு அறிவித்தலைச் சிறு செய்தியாகப் பத்திரிகையின் உட்பக்கத்தில் இட்டவர்களுள் நானும் ஒருவன். 2006 அக்டோபர் 16 இல், இணைப்புச் செய்யப்பட்ட முறை சட்டப்படி செல்லாது என்று நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி 1 முதல் கிழக்கு தனி மாகாணமாயிற்று.

இணைத்தபோதும் கிழக்கு மக்களைக் கேட்கவில்லை. பிரித்தபோதும் கேட்கவில்லை. 1766 இல் கேளாததற்கு அந்நியரும் அரசர்களும் பொறுப்பு. 1988 இலும் 2006 இலும் கேளாததற்கு அவ்வாறு சொல்லித் தப்ப முடியாது. மக்கள் வாக்களித்திருந்தால் எத்தகைய முடிவு வந்திருக்கும் என்று விவாதிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. சந்திரநாகூரில் சில ஆயிரம் பேருக்குக் கிடைத்த வாய்ப்பு இங்கே ஒரு மாகாணத்துக்கே கிடைக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

முஸ்லிம் அலகுக் கோரிக்கையும் காலப்போக்கில் சுருங்கிற்று. 1990 களின் அதிகாரப் பகிர்வுப் பேச்சுகளில் அது மூன்று தொகுதிகளைக் கொண்ட தென்கிழக்கு அலகாயிற்று. 2000 செப்டம்பர் 16 இல் ஹெலிகொப்டர் விபத்தில் அஷ்ரஃப் மறைந்தார். பின்னர், 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தினுள் கல்முனைக் கரையோர மாவட்டம் ஒன்று வேண்டும் என்பதே மேலோங்கிய குரலாயிற்று. உள்நாட்டு நகரான அம்பாறையிலுள்ள கச்சேரிக்குச் சென்று, தமக்கு விளங்காத மொழியில் கடிதம் பெற்றுத் திரும்பும் கரையோர மக்களுக்கு அது நியாயமான கோரிக்கையே.

அதே கல்முனையில் தமிழர்கள், தமது வடக்குப் பிரதேச உப செயலகத்தை முழு அதிகாரமுள்ள செயலகமாகத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதமிருந்தனர். சாய்ந்தமருது முஸ்லிம்கள் கல்முனையிலிருந்து பிரிந்து தமக்கெனத் தனிச் சபை கேட்டனர். 2020 பெப்ரவரியில் வர்த்தமானியில் வெளியான அச்சபை சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. அம்பாறையிடம் கல்முனை முஸ்லிம்கள் கேட்பதையே கல்முனையிடம் தமிழரும் சாய்ந்தமருதுவும் கேட்கின்றனர். முன்னதை நியாயம் என்பவர் பின்னதைச் சதி என்று சொல்வாராயின், அவருடைய கையிலிருப்பது அளவுகோலன்று.

புதுச்சேரியையும் நான் பொன்னாக்கிக் காட்டவில்லை. மத்திய அரசின் ஆட்சிப்பகுதியாகவே அது இருக்கிறது. முழு மாநிலத் தகுதி கேட்டு அதன் சட்டமன்றம் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. ஆயினும், நிலை மாறுவதாயின் மக்களின் விருப்பத்தை அறிய வேண்டும் என்ற வாசகம் ஒரு சர்வதேச உடன்படிக்கையில் எழுத்தில் இருக்கிறது. 1988 இல் கல்முனையில் வரைபடத்தைக் கையில் எடுத்தவர்கள் பலர். என்னைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் உட்பட, அந்த வாசகத்தைத் தேடிப் படித்தவர்கள் மிகச் சிலர். துண்டுகளை ஒட்டிவைத்திருந்தது எல்லைக்கோடு அல்ல, அந்த எழுத்து என்பதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

பல ஆண்டுகளின் பின் நாகூர் சென்றபோது, பெரியவர் சொன்ன எல்லையைக் காண வேண்டும் என்று வடக்கே சில கிலோமீற்றர் தூரத்திலுள்ள வாஞ்சூர்வரை போனேன். கொடி மாறவில்லை, இருபுறமும் ஒரே நாடு. ஆனால் பொலிஸாரின் தலையில் சிவப்புத் தொப்பி இருந்தது. பிரெஞ்சுக்காரர் போய் அரை நூற்றாண்டு கடந்தும் அந்தத் தொப்பியை யாரும் கழற்றச் சொல்லவில்லை. கல்முனைக்குத் திரும்பி அந்தச் செய்தியைச் சொல்ல விரும்பினேன். பெரியவர் மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன என்று தேநீர்க் கடைக்காரர் சொன்னார். அவருடைய கேள்விக்கு இப்போது என்னிடமுள்ள விடை இவ்வளவே: கோட்டை யார் கீறினாலும், கீறுமுன் அந்த ஊரில் இருப்பவர்களை, எல்லா ஊரவரையும், கேட்க வேண்டும். இந்தக் கரையில் அது இன்னும் ஒரு தடவையேனும் நடக்கவில்லை.